ஆசிட் வாஷுக்குப் பிறகு: மார்பிள், மொசைக், கடப்பாத் தளங்களைச் சீராக்குதல்

சேலத்தில் போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குளியலறைச் சுவர், குழாயடி, வாசற்படி என்று எங்கே பார்த்தாலும் வெள்ளையாக ஓர் உப்புப் படலம் படிந்திருக்கும். அந்தப் படலத்தின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கூடத்தில் பதித்திருக்கும் வெள்ளை மார்பிளும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். ஒன்று தண்ணீர் காய்ந்து படிந்தது, மற்றொன்று பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிப் படிகமானது என்பதைத் தவிர, வேதியியலின் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே உப்புக் கறையைக் கரைக்கின்ற எந்த அமிலமும் மார்பிளையும் கரைத்தே தீரும். கறையை மட்டும் தின்றுவிட்டுக் கல்லை விட்டுவிடுகிற ஆசிட் எந்தக் கடையிலும் கிடையாது. கடைக்காரர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் கிடையாது.

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். அஸ்தம்பட்டிப் பக்கம் எங்கள் மாமனார் கட்டிய வீட்டில் கூடத்தில் வெள்ளை மார்பிள், படுக்கையறைகளில் மொசைக், சமையலறையில் கடப்பா, வாசற்படியில் கிரானைட் என்று நான்கு வகைத் தளங்கள் உண்டு. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்த பிறகு, வீட்டில் ஒரு திருமணத்துக்காக முழு வீட்டையும் சுத்தம் செய்து தரும் ஆட்களிடம் என் கணவர் வேலையை ஒப்படைத்தார். அவர்கள் கழிவறையைக் கழுவிய கையோடு, அதே கேனிலிருந்த ஆசிட்டைக் கொண்டு கூடத்தையும் சமையலறையையும் கழுவிவிட்டுப் போய்விட்டார்கள். யார் எவர் என்று எழுத விருப்பமில்லை. புது வீடு கட்டி முடித்ததும் சிமெண்ட் கறையைப் போக்க 'ஆசிட் வாஷ்' அடிப்பது நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். வழவழப்பான பீங்கான் டைல்ஸ் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் கல் தளத்திலும் கை வைத்துவிடுகிறார்கள்.

அப்படி ஊற்றும்போது எவ்வளவு கல் போகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 73 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்துவிடும். சுமார் 33 சதவீதச் செறிவுள்ள அமிலம் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 380 கிராம் அமிலம் இருக்கிறது. அது முழுவதும் வேலை செய்தால் அரைக் கிலோவுக்குச் சற்று மேலான மார்பிள் கரைந்து, நுரையாகப் பொங்கி, கழுவிய தண்ணீரோடு போய்விடும். 100 சதுர அடித் தளத்தில் அதைச் சமமாகப் பரப்பினால் 0.02 மில்லிமீட்டர் ஆழம்தான் வரும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் பாலீஷ் செய்த கல் பளபளக்கக் காரணம், அதன் மேற்பரப்பிலுள்ள மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாக இருப்பதுதான். அந்த அலைநீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. எனவே 0.02 மில்லிமீட்டர் அரிப்பு என்பது பளபளப்புக்கு முழு அழிவு. மேலும் ஆசிட் ஒருபோதும் சமமாகப் பரவுவதில்லை. ஊற்றிய இடத்திலும், சரிவாக ஓடிய தடத்திலும், கற்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளிலும் ஆழமாகத் தின்றுவிட்டு, மற்ற இடங்களில் மேலோட்டமாக நக்கிவிட்டுப் போகும். எங்கள் கூடம் அப்படித்தான், கண்ணாடியின்மீது உப்புத்தாளை இழுத்ததுபோலத் திட்டுத் திட்டாக மங்கிக் கிடந்தது.

இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது, அந்த மங்கலை அழுக்கு என்று நினைத்து இன்னும் காரமான எதையாவது வாங்கி வந்து தேய்ப்பது. பாலீஷ் போட வந்த மேஸ்திரி, கூடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: "டீச்சர், அழுக்குன்னா தேய்ச்சா வந்துரும். இது கல்லே போன இடமுங்க. மருந்து போடப் போட இன்னும்தான் போகும்." கறை என்பது கல்லின்மேல் அல்லது கல்லுக்குள் கூடுதலாக வந்து சேர்ந்த ஒன்று, அரிப்பு என்பது கல்லிலிருந்து குறைந்துபோன ஒன்று. குறைந்ததைத் துடைத்து எடுக்க முடியாது. சுற்றியுள்ள பரப்பையும் அதே அளவுக்குக் கீழே இறக்கி, மீண்டும் மெருகேற்றுவது ஒன்றே வழி.

இரண்டையும் பிரித்தறிய வீட்டிலேயே ஒரு சோதனை போதும். மங்கிய இடத்தில் சிறிது தண்ணீரைப் பரப்புங்கள். தண்ணீர் சொரசொரப்பை நிரப்பிவிடுவதால், அரிப்பாக இருந்தால் ஈரம் உள்ளவரை அந்தத் திட்டு மறைந்துவிடும். காய்ந்ததும் திரும்ப வரும். கறையாக இருந்தால் ஈரத்திலும் தெரியும், சில நேரம் இன்னும் அழுத்தமாகவே தெரியும். மாலையில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பார்த்தால் அரிப்பின் எல்லை கோடு போட்டதுபோல விளங்கும். சோப்புத் தண்ணீரைச் சரியாக அலசாமல் விட்டதால் வந்த வெறும் படலமாகவும் இருக்கலாம். அது வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான துணியும் கொண்டு நன்றாக அலசினாலே போய்விடும். இதைப் பார்க்காமல் மெஷினை இறக்கிவிடக் கூடாது.

அடுத்து, என்ன கல் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் எஃகுக் கத்தியின் முனையால் மெல்லக் கீறினால் மார்பிளிலும் கடப்பாவிலும் கோடு விழும், கிரானைட்டில் விழாது. அதே மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ நீர்த்த அமிலமோ விட்டால், கால்சைட் (அதாவது கால்சியம் கார்பனேட் படிகம்) வகைக் கல்லாக இருந்தால் நுரைக்கும். ஆனால் நுரை வரவில்லை என்பதற்காக அமிலத்தைத் தாங்கும் கல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில், மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று தெரிகிற மேக்னசைட் சுரங்கங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட். அதுவும் கார்பனேட்தான் என்றாலும், குளிர்ந்த நீர்த்த அமிலத்தைச் சொட்டினால் ஏறக்குறைய சும்மா இருக்கும். பொடியாக்கிச் சூடான அமிலத்தில் போட்டால்தான் பொங்கும். வகுப்பில் இதைச் செய்துகாட்டும்போது, நுரையை எதிர்பார்த்துக் காத்திருந்த பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். மெக்னீசியமும் கால்சியமும் கலந்த டோலோமைட் வகை மார்பிள்களும் இந்த இனம்தான். ராஜஸ்தானிலிருந்து வரும் கற்களில் மக்ரானா கால்சைட் வகை. வேறு சில பகுதிக் கற்கள் டோலோமைட் வகை. டோலோமைட்டைக் கீறிப் பொடியெடுத்து, அந்தப் பொடியின்மீது சொட்டினால்தான் நுரை தெரியும். இவ்வகைக் கல் ஆசிட்டுக்குச் சற்று மெதுவாக இரையாகும். கொஞ்சம் கடினமானது என்பதால் மெருகேற்றவும் அதிக நேரம் பிடிக்கும்.

ஆசிட் இப்போதுதான் சிந்தியது என்றால் முதல் வேலை அதைப் பரப்பாமல் இருப்பது. மாப்பை எடுத்து இழுத்தால் ஒரு கல்லில் இருந்தது நான்கு கல்லுக்குப் போகும். ஆப்ப சோடாவைத் தாராளமாக அதன்மேல் தூவி, பொங்கி அடங்கியதும் அள்ளிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டு வைப்பரால் தள்ள வேண்டும். காஸ்டிக் சோடாவால் அமிலத்தை முறிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்க வேண்டாம். அது கையையும் கண்ணையும் புண்ணாக்கும், மரச்சட்டங்களையும் கெடுக்கும். பிளீச்சிங் பவுடரை ஆசிட் இருக்கும் தரையில் தூவுவது எல்லாவற்றிலும் மோசம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் சாத்திய குளியலறையில் அதை மூச்சில் இழுத்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

நாள் கடந்துவிட்டால் சோடாவுக்கு அவ்வளவு வேலை இல்லை. மார்பிளில் ஊற்றிய ஆசிட்டை முறிப்பது மார்பிளேதான்; தன்னையே கொடுத்து முறித்துவிடுகிறது. பிறகு எஞ்சியிருப்பது கால்சியம் குளோரைடு என்ற உப்பு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஆசிட் வாஷ் செய்த தளம் ஐப்பசி மழைக்காலத்தில் பிசுபிசுவென்று ஈரமாகவே இருப்பதற்கும், இரும்பு நாற்காலிக் கால் வைத்த இடத்தில் துருவட்டம் விழுவதற்கும் இந்தக் குளோரைடு ஒரு காரணம். எனவே மெருகேற்றத் தொடங்கும் முன் தளத்தைப் பலமுறை வெறும் தண்ணீரால் நனைத்து, அந்தத் தண்ணீரைத் தரையிலேயே காயவிடாமல் உடனுக்குடன் வைப்பரால் தள்ளி வெளியேற்ற வேண்டும். கற்களின் இணைப்புகளில் மட்டும் அமிலம் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. அங்கே ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் விட்டுத் தேய்த்து அலசலாம். ஈரமான இணைப்பில் நீல லிட்மஸ் தாளை வைத்து, அது சிவக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளலாம். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். எதைப் போக்குவதற்காக இவ்வளவும் நடந்ததோ அதே உப்பு மீண்டும் படியும். குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரைப் பிடித்துவைத்து, அதையே பயன்படுத்தினோம்.

இனி மெருகேற்றும் வேலை. தரையில் இறக்கும் பாலீஷ் மெஷின்களில் கார்போரண்டம் கற்களைப் பொருத்தி அரைப்பது பழைய முறை. இப்போது ரெசின் பூசிய டைமண்ட் பேடுகள் பரவலாகிவிட்டன. இரண்டிலும் கொள்கை ஒன்றே: சொரசொரப்பான எண்ணில் தொடங்கி, படிப்படியாக நுண்ணிய எண்ணுக்குப் போவது. 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று எண்கள் ஏறும். எந்த எண்ணில் தொடங்குவது என்பதில்தான் பணமும் கல்லும் மிச்சமாகின்றன. வேலை கொடுத்தவுடன் 50-ஆம் எண்ணை மாட்டி முழுத் தளத்தையும் அரைப்பவர்கள் உண்டு. தேவையில்லை. ஒதுக்குப்புறமான ஒரு கல்லில் 400-ஆம் எண்ணை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அரிப்பு மறைந்துவிட்டால் அங்கிருந்தே தொடங்கலாம். மறையாவிட்டால் 200, அதிலும் மறையாவிட்டால் 100 என்று கீழே இறங்கலாம். எங்கள் கூடத்தில் பெரும்பகுதிக்கு 400 போதுமானதாக இருந்தது. கேனைச் சாய்த்து ஊற்றிய வாயிலருகே மட்டும் மிகவும் கீழே இறங்க வேண்டியிருந்தது.

தொடங்கும் முன் ஒவ்வொரு கல்லையும் ஒரு நாணயத்தால் தட்டிப் பார்ப்பது நல்லது. வெற்றோசை வந்தால் அடியில் கலவை விட்டுப்போயிருக்கிறது. மெஷினின் எடையில் அந்தக் கல் விரிசல் விடும். இணைப்புகளில் அரித்துப்போன சிமெண்ட்டைச் சுரண்டி எடுத்து, கல்லின் நிறத்துக்கேற்ற கலவையால் நிரப்பிக் காயவிட வேண்டும். மரக்கதவுகளின் அடிப்பகுதி, அலமாரிக் கால்கள், சுவரின் அடிப்பட்டை ஆகியவற்றைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும். அரைபடும்போது தெறிக்கும் பால் போன்ற தண்ணீர் சுவரில் காய்ந்தால் சுண்ணாம்புப் பூச்சே கெட்டுவிடும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே கடமைதான்: தனக்கு முந்தைய எண் விட்டுச்சென்ற கீறலை முழுவதும் அழிப்பது. 100 விட்ட கீறலை 800-ஆல் அழிக்க முடியாது. அழிந்ததுபோல் தோன்றும், பளபளப்பு ஏறிய பின் வெயில் படும்போது வட்ட வட்டமாகத் தெரியும். எண்களைத் தாண்டிக் குதிக்கிற ஆசை மேஸ்திரிகளுக்கு உண்டு, ஏனென்றால் சதுர அடிக் கணக்கில் கூலி. நேரம் மிச்சமானால் அவர்களுக்கு லாபம். அதைக் குற்றமாகச் சொல்ல நான் விரும்பவில்லை. நாம் கொடுக்கும் கூலியின் கணக்கு அப்படி. எங்கள் மேஸ்திரியிடம் எண்களைத் தாண்டாமல் போனால் கூடுதலாகத் தருவதாக முன்கூட்டியே பேசிக்கொண்டோம். அவரும் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு கட்டத்தில் சுவரோரமாக நீள வாக்கில் ஓட்டினால் அடுத்த கட்டத்தில் குறுக்கு வாக்கில் ஓட்டுவது அவர் வழக்கம். முந்தைய கீறல் எது, புதிய கீறல் எது என்று திசையை வைத்தே பிரித்துப் பார்த்துவிடலாம் என்பது அதிலுள்ள நுட்பம். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இரண்டு கட்டங்களுக்கு நடுவே தரையை முழுவதும் கழுவித் துடைத்தே ஆக வேண்டும். முரட்டு எண்ணின் ஒரே ஒரு துகள் பேடுக்கடியில் மாட்டிக்கொண்டாலும் சுற்றுக்கு ஒரு கீறல் விழும். கழுவி வரும் கல்பாலைச் சாக்கடையில் விடக் கூடாது. அடியில் படிந்து, இறுகி, குழாயையே அடைத்துவிடும். வாளிகளில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியில் நிற்கும் மாவைக் காயவைத்துச் சாக்கில் கட்டிப் போட வேண்டும். இன்னொன்று: அரிப்பு இருக்கும் இடத்தை மட்டும் குடைந்து எடுப்பதுபோல அரைத்தால் அங்கே ஒரு குழி விழும். பளபளப்பு வந்தாலும், சன்னல் கம்பியின் நிழலுரு அந்த இடத்தில் வளைந்து தெரியும். குறைந்தபட்சம் அந்தக் கல் முழுவதையும், முடிந்தால் அதைச் சுற்றியுள்ள கற்களையும் சேர்த்துச் சமமாக இறக்குவதே முறை. சுவரோரத்துக்குப் பெரிய மெஷின் எட்டாது. அங்கே கை மெஷினைப் பயன்படுத்துவார்கள். தளம் அழகாகவும் ஓரம் அலையலையாகவும் இருக்கிற வீடுகளில், ஓரத்தை வேறு ஆளிடம் விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாகப் புழங்குகிற வேலை இது. மெஷினுக்குப் போகும் இணைப்பில் கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் பிரேக்கர் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் வேலை செய்ய விடாதீர்கள். கிரானைட்டைத் தண்ணீர் இல்லாமல் அரைத்தால் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். கூலியாள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது நியாயமல்ல.

நுண்ணிய எண்கள் முடிந்ததும் கடைசி மெருகு. அலுமினியம் ஆக்ஸைடும் ஆக்ஸாலிக் அமிலமும் கலந்த பொடியைத் தண்ணீரில் குழைத்து, கம்பளிப் பேடால் மெதுவாகச் சுற்றித் தேய்ப்பார்கள். ஆசிட்டால் கெட்ட தளத்துக்கு மறுபடியும் ஆசிட்டா என்று என் கணவர் கேட்டார். கேள்வி சரியானது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கல்லோடு சேர்ந்து தண்ணீரில் கரைகிற உப்பாகிறது, அதனால் கல் கரைந்து போய்க்கொண்டே இருக்கிறது. ஆக்ஸாலிக் அமிலம் கல்லோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத கால்சியம் ஆக்ஸலேட் ஆகிறது. கரையாத அந்தப் பொருள் மேற்பரப்பிலேயே தங்கி, நுண்ணிய மெருகுப் பொடியின் அழுத்தத்தில் இறுகிப் பளபளக்கிறது. ஆனாலும் அளவுக்கு மிஞ்சித் தேய்த்தால் தளம் பொரிப்பொரியாகிவிடும். ஆக்ஸாலிக் அமிலம் நஞ்சு என்பதால் கையுறை அவசியம். மிச்சப் பொடியை அன்றைக்கே வீட்டைவிட்டு அகற்ற வேண்டும். வெள்ளைச் சர்க்கரை போல் இருக்கும் அதைச் சமையலறைத் தட்டில் யாராவது எடுத்து வைத்துவிடக் கூடாது.

கிரிஸ்டலைசேஷன் என்ற பெயரில், ஃபுளோரோசிலிகேட் கலந்த திரவத்தைத் தெளித்து எஃகுக் கம்பளிப் பேடால் சூடேறத் தேய்த்து, ஒரே நாளில் பளபளப்பு வரவழைப்பதாகப் பலர் விளம்பரம் செய்கிறார்கள். அரிப்பை அது நீக்காது. மங்கலின்மேலேயே ஒரு மினுமினுப்பை ஏற்றிவிடும். எஃகுத் துணுக்குகள் இணைப்புகளில் தங்கினால் துருப்பிடிக்கும். ஓரளவு நல்ல நிலையிலுள்ள மார்பிளைப் பராமரிக்க அது உதவலாம்; கெட்டுப்போனதைச் சீராக்க உதவாது என்பதே நான் பார்த்தவரை என் கருத்து.

மொசைக் தளத்தின் கதை வேறு. அதில் மார்பிள் சில்லுகளும் அவற்றைப் பிடித்திருக்கும் சிமெண்ட்டும் இருக்கின்றன. ஆசிட் இரண்டையும் தின்னும். ஆனால் சிமெண்ட் துளைகள் நிறைந்தது என்பதால் உள்ளே ஊறி அதிகம் கெடுக்கும். சில்லுகள் துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் ஊசித் துளைகள் விழுந்து, காலில் நறநறவென்று படும். முதலில் முரட்டு எண்ணால் ஒருமுறை அரைத்துச் சமப்படுத்திவிட்டு, வெள்ளை சிமெண்ட்டில் தளத்தின் நிறத்துக்கேற்ற நிறப்பொடியைக் கலந்து, கூழாகக் கரைத்துத் துளைகளில் ஏறும்படி தேய்த்துவிட வேண்டும். பிறகு சில நாட்கள் ஈரச் சாக்கு போட்டு வைத்து, இறுகிய பின்தான் நுண்ணிய எண்களுக்குப் போக வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிட்டால் கூழ் அடுத்த அரைப்பிலேயே பெயர்ந்து வந்துவிடும். ஒரு வசதி, மொசைக்கைப் பல தடவை அரைக்கலாம். சில்லுகள் கலந்த மேல் அடுக்கு சில மில்லிமீட்டர் கனம் இருக்கும். எங்கள் படுக்கையறைத் தளம் இப்போது மாமனார் காலத்தைவிட நன்றாக இருக்கிறது என்று மாமியாரே சொன்னார். அவர் எதையும் எளிதில் பாராட்டுபவர் அல்லர்.

கடப்பாக் கல் கறுப்பாக இருப்பதால் அதைக் கிரானைட்டின் உறவு என்று பலர் எண்ணுகிறார்கள். அது சுண்ணாம்புக்கல். ஆந்திரத்தின் கடப்பா வட்டாரத்திலிருந்து வந்து, ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சமையலறைகளையெல்லாம் நிரப்பிய கல் அது. ஆசிட் பட்ட இடம் சாம்பல் வெள்ளையாக வெளிறிப்போகும். ஆசிட்கூட வேண்டியதில்லை, புளிக்கரைசல், எலுமிச்சை, தயிர், தக்காளி ஆகியவையே தடம் பதித்துவிடும். புளி ஊறவைத்த பாத்திரத்தின் அடிவட்டம் எங்கள் சமையல் மேடையில் வெகுகாலமாக இருக்கிறது. ஆயுத பூஜைக்கு எலுமிச்சையை நறுக்கி, குங்குமம் தடவி, கடப்பா நிலைப்படியின் இரு பக்கமும் வைக்கிற வீடுகளில் மறுநாள் அரைவட்ட வெளுப்பு இரண்டு நிச்சயம்; கீழே ஒரு வெற்றிலையைப் போட்டு அதன்மேல் வைத்தால் சடங்குக்கும் குறைவில்லை, கல்லுக்கும் கேடில்லை. வெளுத்த கடப்பாவைத் தேங்காயெண்ணெய் தடவிக் கறுப்பாக்குவது பழைய வழக்கம். ஈரம் அரிப்பை மறைப்பதுபோலவே எண்ணெயும் மறைக்கிறது, சற்று நீண்ட நாளுக்கு. ஆனால் தூசியைப் பிடித்துக்கொண்டு, நாள்பட்டு மக்கு வாடை வீசும். டைமண்ட் பேடால் 400 வரை இறக்கி மென்மையாக்கிவிட்டு, கண்ணாடிப் பளபளப்புக்கு ஆசைப்படாமல் அங்கேயே நிறுத்திக்கொண்டோம். சமையலறையில் மங்கலான மெருகுதான் நல்லது. அடுத்த புளித்தடம் அவ்வளவாகத் தெரியாது.

கிரானைட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் சாதாரண ஆசிட்டுக்கு அசைவதில்லை. துருநீக்கித் திரவங்கள் சிலவற்றிலுள்ள ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மட்டும் அதையும் தின்னும். அது தோலில் பட்டால் எலும்புவரை போகிற ஆபத்தான பொருள், வீட்டில் அதற்கு இடமே இல்லை. கிரானைட்டிலுள்ள இரும்புத் தாதுக்களை ஆசிட் கிளறிவிட்டால் சில வாரங்களில் மஞ்சள் தேமல் படரும். பளபளப்பு போன கிரானைட்டை வீட்டிலேயே வைத்து மெருகேற்றுவது கடினம். சிறிய பலகையாக இருந்தால் பட்டறைக்கு அனுப்பிவிடுவதே மலிவு.

இந்த மஞ்சள் தேமலை ஏற்காட்டில் நன்றாகப் பார்க்கலாம். என் நாத்தனார் குடும்பத்துக்கு அங்கே காப்பித் தோட்டத்தை ஒட்டி ஒரு பழைய வீடு இருக்கிறது. முற்றத்தில் பதித்திருப்பது மலையிலேயே கிடைக்கிற கருநீலச் சாயலுள்ள சார்னோக்கைட் கல். சேர்வராயன் மலைத்தொடரின் பெரும்பகுதி அந்தப் பாறைதான். மார்பிளைப்போல ஆசிட்டில் கரையாது. ஆனால் அதில் இரும்பு கலந்த பைராக்ஸீன் தாது உண்டு. மழையிலும் மூடுபனியிலும் படர்கிற பாசியைப் போக்க யாரோ ஆண்டுதோறும் ஆசிட் ஊற்றி வந்ததில், கருநீலம் போய்ப் பழுப்பேறிக் கிடந்தது. பாசிக்கு ஆசிட் தேவையே இல்லை. கெட்டியான தேங்காய்நார்ப் பிரஷ், வெந்நீர், மேலே கவிந்திருக்கும் மரக்கிளையைக் கழித்து வெயிலை உள்ளே விடுவது, தண்ணீர் தேங்காமல் சரிவைச் சீராக்குவது ஆகியவை போதும். நாத்தனாரிடம், "அண்ணி, கிளையை வெட்டிட்டு ஒரு கோடை பொறுத்துப் பாருங்க" என்றேன். பாசி பெருமளவு அடங்கிவிட்டது, பழுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

மெருகேற்றிய பிறகு சீலர் அடிப்பதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. கல்லுக்குள் ஊறும் வகைச் சீலர், எண்ணெயும் குழம்பும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். அமிலத்தைத் தடுக்காது. சீலர் அடித்த மார்பிளில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் சீலர் அடிக்காத மார்பிளைப்போலவே மங்கும். தளம் உள்வரை காய்ந்த பின்பே அதை அடிக்க வேண்டும்; ஈரம் உள்ளே இருந்தால் வெள்ளைப் புகைபோல் படலம் பிடிக்கும். சேலத்தில் பங்குனி வெயிலில் காய்வதற்கும் ஏற்காட்டில் மார்கழிப் பனியில் காய்வதற்கும் வெகு வித்தியாசம் இருப்பதால், மேலே இந்த வேலையை மாசிக்குப் பிறகு வைத்துக்கொள்வதே சரி.

அன்றாடத் துடைப்புக்கு அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைத் திரவம் சில சொட்டுகள் போதும். துணி துவைக்கும் தூள் காரமானது, படலமும் விடும். உப்புக் கறை மீண்டும் வந்தால், மார்பிளில் பிளேடைத் தட்டையாகப் படுக்கவைத்து மெல்லச் சீவி எடுக்கிறேன்; பொறுமை வேண்டும், முனை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துடைக்க வரும் பெண்ணிடம் விளக்கம் சொல்வதைவிட, கழிவறைத் திரவத்தைக் கழிவறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது எளிதாக இருக்கிறது.

பூஜை அறைக்கு முன்னால் இரண்டு மார்பிள் கற்களில் மட்டும் மஞ்சள் நிறம் இன்னும் போகவில்லை. ஆசிட் கல்லுக்குள்ளிருந்த இரும்பைக் கிளறிவிட்டதால் வந்த நிறம் அது. அரைத்தால் போகாது, ஏனென்றால் ஆழத்தில் இருக்கிறது. இரும்பு கலக்காத வெள்ளைக் களிமண்ணில் சோடியம் சிட்ரேட்டும் சோடியம் டைதயோனைட்டும் சேர்த்துக் குழைத்து, அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் வைத்து, பிறகு திறந்து காயவிட்டால், காயும்போது துருவைக் களிமண் மேலே இழுக்கும். முல்தானி மட்டியைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். அதிலேயே இரும்பு இருக்கக்கூடும் என்பதால் வெள்ளைக் கல்லில் நான் வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் குறைகிறது. மேஸ்திரி அந்த இரண்டு கற்களையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதிக்கலாம் என்கிறார். அதே நிறத்தில், அதே ரேகையில் கல் கிடைத்தால் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை களிமண் பற்று தொடர்கிறது.